கடுக்காயும் கம்பளியும்

காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மார்கழி மாதத்துக் காலைப்பொழுதொன்றில் கொல்லிமலைக்கு வந்து சேர்கிறவருக்கு, நாமக்கல் பேருந்து நிலையத்தில் நின்றபோது நினைவுக்கே வராத காதுக்குல்லா திடீரென்று ஜீவாதாரமான வஸ்துவாகத் தோன்றிவிடுகிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டரிலிருந்து 1,300 மீட்டர் வரை உயர்ந்தும், ஏறக்குறைய 280 சதுர கிலோமீட்டர் பரந்தும் கிடக்கிற இம்மலையில், பனிக்காலத்து விடியலில் கழுத்தையும் காதையும் மூடாமல் கொல்லைக்குப் போவது லேசான காரியமல்ல. ஆயினும் கம்பளி நெய்கிற மரபோ பருத்தி நெய்கிற மரபோ இங்கே வேரூன்றியதாகத் தெரியவில்லை. இம்மலையின் குடிகளான மலையாளிகள் (கேரளத்தார் வேறு, இவர்கள் வேறு, தமிழே இவர்கள் தாய்மொழி) தங்கள் முன்னோர்களான மூன்று சகோதரர்கள் காஞ்சிபுரத்தை விட்டுக் கிளம்பி வந்து சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறினார்கள் என்று சொல்வது வழக்கம். பட்டுக்குப் பேர்போன நகரத்தைப் பூர்வீகமாகச் சொல்லிக்கொள்கிற ஒரு சமூகம் மலையேறும்போது தறியைக் கீழேயே விட்டுவிட்டு வந்தது விநோதந்தான். கட்டுகிற வேட்டியும் புடவையும், போர்த்துகிற கம்பளியும் தலைமுறை தலைமுறையாகக் கீழிருந்தே வந்தன. மேலிருந்து கீழே போனவை தேனும் மிளகும் பலாவும் கடுக்காயும்.

சங்கப் புலவர்கள் இம்மலையோடு சேர்த்துப் போற்றிய கைவேலை ஒன்றே ஒன்றுதான், அதுவே கொல்லிப்பாவை. காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் வந்து மோதினாலும் தன் வடிவு கெடாமல் நிற்கும் அந்தப் பதுமையைச் செய்தது பூதம் என்றார்கள், தெய்வம் என்றார்கள். செய்த வேலைக்குக் கூலி என்ன கிடைத்தது என்பதைப் பற்றி மட்டும் எவரும் பேசவில்லை. கைத்தொழிலைப் பற்றி நம்மவர் பேசுகிற முறை அன்று முதல் இன்று வரை பெரும்பாலும் இப்படியேதான் இருந்துவருகிறது. வேலைப்பாட்டின் சௌந்தர்யத்தை வியந்து போற்றுவோம்; அதற்குச் செலவான நாழிகைகளைக் கணக்குப் பார்ப்பது அநாகரிகம் என்று எண்ணிக்கொள்வோம். இந்தக் கட்டுரை அந்த அநாகரிகமான கணக்கைப் பற்றியதே.

ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரியின் வில்வன்மையை நினைவுகூர்ந்து வில்வித்தைப் போட்டி நடத்துவதும், அரசாங்கத் துறைகள் அரங்குகள் அமைப்பதும், மலர்க் கண்காட்சி வைப்பதும், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தங்கள் சரக்குகளைப் பரப்புவதுமாக மலையே இரண்டு நாட்களுக்குத் திருவிழாக் கோலம் கொள்கிறது. மகளிர் குழு என்ற ஏற்பாடே தமிழ்நாட்டில் 1989இல் சர்வதேச வேளாண்மை அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளுக்குள் சேலம் மாவட்டத்துக்கும் பரவியது. நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997 ஜனவரியில்தான் என்பதால், அந்நாளில் கொல்லிமலையும் சேலத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. சாமை, தினை, கேழ்வரகு மாவு, மிளகு, தேன், காப்பித்தூள் ஆகியவற்றைப் பொட்டலமிட்டுப் பெயர் ஒட்டி விற்கும் வித்தையை மலைப் பெண்கள் நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறார்கள். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானியங்களைக் காப்பதற்குச் செய்த முயற்சிகளுக்கு இதில் கணிசமான பங்கு உண்டு. மரவள்ளிக்கிழங்கு வந்து சாமைக் கொல்லைகளை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், சாமையைக் குத்தி அரிசியாக்குவதற்குச் சிறு இயந்திரமும், அரிசியானதைப் பொட்டலமாக்கி நகரத்துக்கு அனுப்ப வழியும் பிறந்த பிறகே அதற்குக் கொஞ்சமாவது மதிப்புத் திரும்பிற்று.

தின்பண்டமும் தானியமும் விற்கிற அந்தப் பந்தலில் கையால் செய்த உடுப்பும் அச்சிட்ட துணியும் இடம் பெறலாகாதா என்ற கேள்வி எழுவது இயல்பு. இடம் பெறலாம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எதைச் செய்வது, பின்னலா அச்சா என்பதில்தான் என் அபிப்பிராயம் குளிரின் யோசனைக்கு நேர்மாறாகப் போகிறது.

முதலில் பின்னலைப் பார்ப்போம். குளிர்ப்பிரதேசம், ஆகையால் ஸ்வெட்டரும் மப்ளரும் குல்லாவும் பின்னி விற்கலாம் என்று யாருக்கும் முதலில் தோன்றும். பயிற்சி கொடுக்க வருகிற அதிகாரிகளுக்கும் அதுவே தோன்றும். பின்னலின் சௌகரியங்களும் சாமானியமானவை அல்ல. மூலதனம் என்று பார்த்தால் இரண்டு ஊசியும் ஓர் உருண்டை நூலும் போதும். மேஜை வேண்டாம், வெயில் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். உலையில் அரிசி வேகும்போது பின்னலாம், பேருந்துக்குக் காத்திருக்கும்போது பின்னலாம், அழுகிற குழந்தையை மடியில் போட்டுக்கொண்டும் பின்னலாம். கை வேலை செய்ய வாய் பேசிக்கொண்டிருக்கலாம் என்பதும் சிறிய லாபமல்ல.

ஆனால் ஒரு குழந்தைக் குல்லாவைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் கண்ணிகளை எண்ணிப் பாருங்கள். சுற்றளவுக்கு 80 கண்ணி என்று ஊசியில் ஏற்றிக்கொண்டு, மடிப்பும் உடலும் உச்சியுமாக ஏறத்தாழ 50 வரிசை போட வேண்டும். ஆக 4,000 கண்ணி. பழகிய கை நிமிஷத்துக்கு 20 கண்ணி வீதம் ஓயாமல் போட்டால் 200 நிமிஷம். உச்சியைச் சுருக்கி, விளிம்பைத் தைத்து, நூல்முனைகளை உள்ளே செருகி மறைத்து முடிக்கும்போது நான்கு மணி நேரம் ஆகிவிடும். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26ஆம் ஆண்டுக்கு விதித்த தினக்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்தை ஒரு நாள் வேலையென்று கொண்டால், நான்கு மணி நேரப் பின்னலுக்கு 168 ரூபாய் கூலி கிடைத்தால்தான் அந்தப் பெண் ஏரி தூர்வாரப் போயிருந்தால் பெற்றிருக்கும் கூலிக்குச் சமமாகும். நூலின் கிரயமும், அந்த நூலைச் சேலத்துக்குப் போய் வாங்கிவந்த பேருந்துச் செலவும் இதற்குமேல். இவற்றையெல்லாம் கூட்டிக் குல்லாவின் மேல் விலைச்சீட்டைத் தொங்கவிட்டால், எந்தக் கைத்தொழில் கண்காட்சியிலும் நடக்கிற அதே சம்பாஷணை இங்கேயும் நடக்கும்.

"ஏம்மா, சின்னக் குல்லாவுக்கா இந்த வெல? கீழ ரோட்டோரத்துல அம்பது ரூபாய்க்குக் குடுக்கறானே!"

"அது மிசின்ல போட்டதுங்க சார். இது கையில போட்டது."

"போட்டா என்ன, காதத்தானே மூடுது? அம்பதுக்கே குடு."

வாங்க வந்தவர் கெட்டவரல்லர்; அவர் சொல்வதில் தர்க்கமும் இல்லாமலில்லை. காதை மூடும் காரியத்தில் இயந்திரக் குல்லாவுக்கும் கைக்குல்லாவுக்கும் பேதமில்லை. குளிர்காலம் வந்ததும் நம் ஊர்த் தெருக்களில் திபெத்திய அகதிகள் கடை போட்டு விற்கிற ஸ்வெட்டர்களில் பெரும்பகுதி அவர்கள் கையால் பின்னியதல்ல, லூதியானாவின் இயந்திரங்கள் பின்னியதே. பின்னலுக்கு இயந்திரம் வந்து நானூறு வருஷங்களுக்கு மேலாகிறது. நூற்பு இயந்திரத்துக்கும் விசைத்தறிக்கும் வெகுகாலம் முன்பே, 1589இல், இங்கிலாந்தின் நாட்டிங்காம் பிரதேசத்தைச் சேர்ந்த வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் இயந்திரத்தை அமைத்துவிட்டார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் வாயில் மண் விழுமென்று அஞ்சி எலிசபெத் ராணி அதற்கு உரிமைப்பத்திரம் தர மறுத்தாள் என்று சொல்வார்கள். ராணியின் இரக்கத்தால் இயந்திரம் நின்றுவிடவில்லை. நம் திருப்பூரில் 1920களில் பனியன் பின்னத் தொடங்கிய இயந்திரங்களின் சந்ததி இன்று உலகத்துக்கே உள்ளாடை தருகிறது. அந்தத் திருப்பூரிலிருந்து சில மணி நேரப் பிரயாணத்தில் உள்ள மலையில் இருந்துகொண்டு, கண்ணிக்குக் கண்ணி இயந்திரத்தோடு போட்டி போடுவது விவேகமல்ல.

இயந்திரம் மட்டுந்தான் பகை என்றும் நினைத்துவிடலாகாது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுகளின் பெண்கள் பின்னிய சால்வைகள், மோதிரத்துக்குள் நுழைத்து இழுக்கலாம் என்கிற அளவுக்கு மெல்லியவை. அவற்றுக்கு இயந்திரம் ஈடுகொடுக்க முடியாத காலத்திலேயே அந்தப் பெண்கள் வறுமையில் உழன்றார்கள். காரணம், சால்வையை வாங்கிய வியாபாரி காசு கொடுப்பதில்லை. தேயிலையும் துணியுமாகக் கொடுப்பான், அவற்றுக்கு விலை வைப்பவனும் அவனே. இந்த முறைகேட்டை விசாரிக்க பிரிட்டிஷ் சர்க்கார் கமிஷன் அமைத்து, அதன் அறிக்கை 1872இல் வெளிவந்தது. உப்பையும் துணியையும் கொடுத்துத் தேனையும் கடுக்காயையும் வாரிக்கொண்டு போன வியாபாரிகளைக் கண்ட நம் மலைகளுக்கு இந்தக் கதை புதியதல்ல. பழங்குடியினர் பகுதிகளில் லாம்ப் என்கிற பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களை அரசாங்கம் ஏற்படுத்தியதும், கொல்லிமலையிலும் அப்படியொன்று இயங்குவதும் இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சீர்செய்யத்தான்.

இறக்குமதியான ஊசிவேலை நம் நாட்டில் வேரூன்றியதே இல்லையா என்றால், உண்டு. அதன் சரித்திரம் சுவாரசியமானது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் பாதிரியாரின் மனைவி, சில ஆண்டுகளுக்குள் தம் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டின் மேல் சித்திரத்தை விரித்து, குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற அந்த வேலை, திருவிதாங்கூர்ச் சீமையில் அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலருக்குத் தங்களைத் தாங்களே மீட்டுக்கொள்ளப் பணம் தந்தது என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, கால்டுவெல்லை 1844இல் மணந்துகொண்டு இடையன்குடிக்குப் போனபோது அந்தத் திண்டும் கட்டைகளும் கூடவே போயின. தேரிக்காட்டு மணலின் நடுவே வெண்ணிற லேஸ் பின்னல் தழைத்தது. அது சீமைத் துரைசானிகளின் உடுப்புக்கும் மேஜைக்கும் என்று செய்யப்பட்ட சரக்கு. பக்கத்து வீட்டுப் பெண் அதை வாங்கமாட்டாள். வாங்குகிறவர் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கும்வரை நடுவில் ஒருவர் இருந்தே தீர வேண்டும். அவர் மிஷனாயிருந்தால் கிராமத்துக்கு அதிர்ஷ்டம், தரகனாயிருந்தால் துரதிர்ஷ்டம்.

நீலகிரியின் தோடர் பெண்களுடைய பூவேலையின் கதி வேறு. வெள்ளைப் பருத்தித் துணியில் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாக அவர்கள் எடுக்கிற தையல், தறியிலேயே நெய்ததோ என்று மயங்கவைக்கும். அவர்களிடமும் தறி கிடையாது. துணி சமவெளியிலிருந்து வருவதுதான். ஆனால் எந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் எந்தக் கோடு என்கிற கணக்கு அவர்களுடையது. பூத்துக்குளியைப் போர்த்திக்கொள்கிற அவர்கள் வாழ்க்கையிலிருந்து பிறந்தது. தோடர் நலவாழ்வுச் சங்கமும் கோத்தகிரியின் கீஸ்டோன் நிறுவனமும் பூம்புகாரும் சேர்ந்து விண்ணப்பித்து, 2013இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அது பொய்ச்சரக்கை முற்றிலும் ஒழித்துவிட்டதென்று சொல்ல முடியாவிட்டாலும், இது இன்னாருடையது என்று சொல்லி விலை கேட்கிற திராணியைத் தந்தது. பின்னூசி எடுக்கிற கொல்லிமலைப் பெண்ணுக்கு அந்தத் திராணி எங்கிருந்து வரும்? நூல் லூதியானாவுடையது, மாதிரி புஸ்தகத்தினுடையது. மலைக்குச் சொந்தமாக மிஞ்சுவது அவளுடைய நான்கு மணி நேரம் மாத்திரம்.

ஆகவேதான் அச்சுக்கு வருகிறேன். அதாவது கடுக்காய்க்கு வருகிறேன்.

தென்னாட்டுச் சாயத்தொழிலில் கடுக்காய் வகித்த ஸ்தானம் வைத்தியத்தில் அது வகித்த ஸ்தானத்துக்குக் குறைந்ததல்ல. பருத்தி இழை பிடிவாதமானது. பட்டும் கம்பளியும் ஏற்கிறபடி சாயத்தை எளிதில் ஏற்காது. மஞ்சிட்டிச் சாற்றிலோ சாயவேர்க் கஷாயத்திலோ வெறும் துணியை நனைத்தால், அடுத்த சலவைக்கு நிறம் சாக்கடையோடு போய்விடும். அந்தப் பிடிவாதத்தைத் தளர்த்துகிற துவர்ப்பு கடுக்காயில் இருக்கிறது. துணியைச் சாணநீரில் ஊறவைத்து வெளுத்து, கஞ்சிப்பசை போக அலசியபின், கடுக்காய்த் தோலை இடித்து எருமைப்பாலோடு கலந்த கரைசலில் முக்கிப் பிழிவார்கள். துணியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கடுக்காய் இருந்தால் தாராளம். பாலின் கொழுப்பு எதற்கென்றால், பின்னால் இடுகிற மை கோட்டைத் தாண்டிப் படராமல் தடுப்பதற்கு. நிழலில் உலர்ந்த துணி இலேசான மஞ்சள் பூத்து, முகர்ந்தால் பால்வாடையும் துவர்வாடையும் கலந்து வீசும்.

அடுத்தது கறுப்பு மை. துருப்பிடித்த ஆணி, லாடம், உடைந்த அரிவாள் என்று கிடைத்த இரும்பையெல்லாம் மண்பானையில் போட்டு, வெல்லம் கரைத்த தண்ணீரை ஊற்றி இரண்டு மூன்று வாரம் புளிக்கவைத்தால் கஷாயநிறத்தில் ஒரு நீர் கிடைக்கும். அதைப் பார்த்து, கறுப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அச்சுக்கட்டையை அதில் தோய்த்துக் கடுக்காய்த் துணியின் மேல் வைத்து ஓர் அடி அடித்து எடுத்தால், கட்டை பட்ட இடம் முதலில் சாம்பல் நிறமாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துப் போகிறது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் இழைக்குள்ளேயே கூடிப் பிறக்கிற கறுப்பு அது. எழுதுகிற மையையும் உலகம் நெடுங்காலம் இந்தச் சேர்க்கையால்தான் செய்துகொண்டிருந்தது. சிவப்பு இதைவிடக் கள்ளத்தனமானது. படிகார நீரில் தோய்த்த அச்சு துணியில் ஒன்றையும் காட்டாது. அந்தத் துணியை அலசி மஞ்சிட்டிக் கஷாயத்தில் கொதிக்கவைக்கும்போதுதான் படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவந்து எழும்பும், பட்டிராத இடத்தில் ஏறிய செம்மை பிறகு சாணநீரிலும் வெயிலிலும் மெல்ல மெல்ல வெளுத்துவிடும். வீட்டில் க்ஷவரம் செய்துகொண்டபின் முகத்தில் தேய்க்கிற படிகாரக்கட்டி செய்கிற வேலை இது.

இந்த வித்தைக்காகத்தான் ஐரோப்பா ஒரு காலத்தில் சோழமண்டலக் கரைக்குத் தவமாய்த் தவமிருந்தது. இங்கிருந்து போன சீட்டித்துணி அந்நாட்டு நெசவாளர்களின் பிழைப்பைக் கெடுக்கிறதென்று பிரான்ஸ் 1686இலும், இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் போட்டுத் தடுக்க நேர்ந்தது. தடுத்ததோடு நில்லாமல் இரகசியத்தையும் துருவினார்கள். கூர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார், கிறிஸ்தவர்களாகியிருந்த சாயக்காரர்களைக் கேட்டறிந்து, கடுக்காயும் எருமைப்பாலும் உட்பட ஒவ்வொரு படியையும் 1742இல் கடிதமாக எழுதி அனுப்பினார். சொல்லிக்கொடுத்த அந்தச் சாயக்காரர்களின் பெயர்கள் தாம் நமக்குக் கிட்டவில்லை. 1868இல் ஜெர்மானிய ரஸாயனிகள் வேர்ச்சிவப்பைப் பரிசோதனைச் சாலையிலேயே செய்துவிட்டார்கள். 1897இல் செயற்கை அவுரியும் கடைக்கு வந்தது. கரையோரத்துச் சாயத்தொழில் அந்த இரண்டு அடிகளிலிருந்து பூரணமாக எழுந்திருக்கவே இல்லை. தஞ்சை மராட்டிய அரசர்களின் அரண்மனைக்குப் புடவை செய்த கோடாலிக்கருப்பூர் இப்பொழுது பெயரளவில் நிற்கிறது. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்ததும், சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயிலுக்குத் தொம்பையும் பந்தல்துணியும் எழுதுகிற கைகள் இன்னும் இருப்பதும் ஆறுதலான விஷயங்கள்.

இத்தனை நெடிய சரித்திரத்திலும் மலையின் பங்கு கடுக்காய் மூட்டையோடு முடிந்துவிட்டது. சாயக்காரனுக்கும் தோல் பதனிடுகிறவனுக்கும் நாட்டுமருந்துக் கடைக்காரனுக்கும் மலை கடுக்காயைப் பொறுக்கிக் கொடுத்தது. அவர்கள் அதைத் துணியாக்கியும் தோலாக்கியும் லேகியமாக்கியும் விலை வைத்தார்கள். விலையின் பெரும்பகுதி எந்தக் கட்டத்தில் ஏறுகிறதோ அந்தக் கட்டம் எப்பொழுதும் அடிவாரத்துக்குக் கீழேதான் இருந்தது. சாமையைப் பொட்டலமாக்கியதுபோல் கடுக்காயையும் ஏன் துணியாக்கக் கூடாது என்பதே என் கேள்வி.

கூலிக்கணக்கும் இங்கே வேறு விதமாகப் போகிறது. பின்னலில் நூறாவது குல்லாவும் முதல் குல்லா கேட்ட நான்கு மணி நேரத்தையே கேட்கும். அச்சில் அப்படியல்ல, பானை புளிப்பதும் துணி உலர்வதும் ஆளைக் கட்டிப்போடாத காரியங்கள், ஒரு கொப்பரைக் கஷாயத்தில் ஒரு துண்டும் வேகும், இருபது துண்டும் வேகும், கட்டையை ஒருமுறை வெட்டிவிட்டால் அது வருஷக்கணக்கில் உழைக்கும். அப்படியிருந்தும் கை அழுத்தம் ஒவ்வொரு முறையும் சற்றே மாறுவதால் ஒரு துண்டு மற்றொன்றின் நகலாகிவிடுவதில்லை. இயந்திர அச்சு மலிவாகக் கிடைக்கும் என்பது மெய். ஆனால் கடுக்காய்க் கறுப்பையும் வேர்ச்சிவப்பையும் இயந்திர அச்சு செய்ய முயல்வதே அபூர்வமாதலால், ரோட்டோரத்துக் கடையை விரல் நீட்டிக் காட்டி அம்பது ரூபாய்க்குக் கேட்கிற தர்க்கம் இங்கே அத்தனை சுலபமாகச் செல்லாது.

சந்தையில் கைவேலையை விற்று ஓர் ஊரையே கட்டியவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். சென்னை ஓவியக் கல்லூரியின் தலைவராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர், ஓவியம் எழுதி மட்டும் ஜீவனம் நடத்த முடியாத தம் மாணவர்களைப் பாத்திக் துணியும் மற்றக் கைவினைகளும் செய்து விற்கத் தூண்டினார். அந்த வருமானத்தின் உதவியோடு ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமம் எழுந்தது. காலையில் மெழுகும் சாயமுமாகத் துணியோடு போராடிவிட்டு, மிச்சப் பொழுதில் தங்களுக்குப் பிடித்த ஓவியத்தை எழுதிக்கொண்டார்கள். அந்தக் கலைஞர்களுக்குப் பட்டணமும் பட்டணத்துப் பணக்காரர்களும் பக்கத்தில் இருந்தார்கள் என்று மறுமொழி சொல்லலாம். கொல்லிமலைக்கோ ஆகாய கங்கை அருவியையும் அறப்பளீசுவரரையும் பார்க்க வருகிறவர்கள் தாங்களாகவே 70 வளைவையும் ஏறி வந்து, சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசியும் மலைவாழைப் பழமும் வாங்கிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். பழத்தைப் போட்டுக்கொடுக்கிற அந்தப் பை கடுக்காய் அச்சுப் பையாக இருந்தால் வேண்டாமென்பவர் மிகச் சிலரே இருப்பர்.

தேவையான பொருள்களுக்கும் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை என்பது எனக்கே ஆச்சரியத்தைத் தந்த விஷயம். துணிக்குக் குமாரபாளையத்துத் தறிகள் இதே மாவட்டத்தில் ஓடுகின்றன. மைக்கு வேண்டிய வெல்லத்துக்கு ஜேடர்பாளையத்தைச் சுற்றிய கரும்பு ஆலைகளும் பிலிக்கல்பாளையத்து வெல்லச் சந்தையும் காவிரிக்கரையில் இருக்கின்றன. மலையின் வடகிழக்கு அடிவாரப் பக்கத்தில் மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற தம்மம்பட்டி இருக்கிறது; சாமி வாகனமும் தேர்ச்சிற்பமும் செதுக்குகிற உளிக்கு, உள்ளங்கையளவு கட்டையில் தினைக்கதிரும் மிளகுக்கொடியும் வெட்டுவது பெரிய காரியமாகாது. குதிரை மேல் அமர்ந்து வில் வளைக்கும் ஓரியைத்தான் அச்சாக வெட்ட வேண்டும் என்று விழாக் கமிட்டியில் யாரேனும் நிச்சயமாகச் சொல்வார்கள். வெட்டலாகாது என்பது என் கட்சி. ஓரி எல்லாச் சுவரொட்டியிலும் இருக்கிறான். பனிவரகுக்கும் சாமைக்கும் கதிர் எப்படி வேறுபடும் என்பது மலைப் பெண்ணுக்குத் தெரியும், வாங்க வருகிறவருக்குத் தெரியாது. தெரியாததைக் காட்டுகிற அச்சுக்குத்தான் அவர் நின்று விலை கேட்பார்.

தண்ணீர் விஷயத்தில் மாத்திரம் கண்டிப்பாயிருக்க வேண்டும். சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்ததனால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், இதே நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையமும் குமாரபாளையமும் காவிரியில் சாயம் கலப்பதாகப் பழிசுமப்பதும் நாடறிந்தவை. கடுக்காயும் மஞ்சிட்டியும் காட்டுப்பொருள்கள் என்பதற்காக அலசிய நீரையெல்லாம் மலையில் ஓடும் ஐயாற்றில் விடுவது தகாது. படிகாரமும் இரும்பும் சேர்ந்த நீர் எவ்வளவு சொற்பமானாலும் குழி வெட்டி அதிலேயே வடியவிட வேண்டும். விலைக்குச் சாயத்தூள் வாங்கிக் கலந்துகொள்ளலாம் என்கிற சபலம் இரண்டாவது வருஷத்திலேயே தலைகாட்டும். அதற்கு இடங்கொடுத்தால் தண்ணீரும் போகும், விலை கேட்கிற திராணியும் போகும்.

மற்றபடி மலையின் பஞ்சாங்கமே இந்த வேலைக்கு ஒத்துவருகிறது. தையிலும் மாசியிலும் கடுக்காய் பழுத்து விழும். மூடுபனி விலகிப் பங்குனியும் சித்திரையும் காய்கிற காய்ச்சலில் துணி வெளுக்கவும் உலரவும் தடையில்லை. வைகாசி, ஆனி மாதங்களில் பை தைக்கலாம், விளிம்பு மடிக்கலாம், விலைச்சீட்டு எழுதலாம். அந்தச் சீட்டில் செய்தவர் பெயரும் செலவான மணி நேரமும் இருக்கட்டும். விலையைச் செய்தவரே எழுதட்டும். பின்னல் தெரிந்த பெண்கள் குல்லாவையும் பின்னிவைக்கலாம், நான் தடுக்கவில்லை. அதைத் தங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு வைத்துக்கொள்வது உத்தமம். முதல் வருஷச் செலவென்று பார்த்தால் அச்சுக்கட்டைதான் பெரிய இனம், அதற்குத் தம்மம்பட்டியில் முன்பணம் கேட்பார்கள். நல்லவேளையாக, மிளகு பறித்து விற்ற காசு குழுக்களின் சேமிப்பில் வந்து சேர்வதும் அதே தை, மாசி மாதங்களில்தான்.